கொழுந்து மூட்டையின் வெம்மை



மாத்தளை நகரிலிருந்து கிழக்கே மலைநோக்கிச் செல்லும் பாதையில் சில மைல் சென்றால் இரத்தோட்டை என்னும் சிற்றூர் வரும். ஊரைச் சூழ்ந்த தாழ்சரிவுகளில் மிளகும் கராம்பும் சாதிக்காயும் கொக்கோவும் நிழலுக்குள் நிழலாகச் செழித்திருக்கும். மேலே செல்லச் செல்லத் தேயிலை. அதற்கும் மேலே, பாதை றிவஸ்ரன் கணவாயை நெருங்கும் இடத்தில், நண்பகலிலும் மூடுபனி இறங்கி எதிரே வரும் ஆளை மறைத்துவிடும்.

அப்பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் வளர்ந்தவன் நான். பனிக்காலத்தில் விரல்கள் விறைத்துப் போகும். சிறுவர்களாகிய எங்களுக்கு அதற்கு ஒரு கைமருந்து தெரியும். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் சாக்கு மூட்டைகள் அடுக்கியிருக்கும். யாரும் பாராத வேளையில் மூட்டையின் வாய்க்குள் முழங்கை வரை கையை நுழைத்தால், உள்ளே இதமான வெம்மை இருக்கும். நெடுநேரம் இறுக்கிக் கட்டிய மூட்டையாயின் வெம்மை சூடாகவே மாறியிருக்கும். "தம்பி, கொழுந்தை அமுக்காதே, செவந்து போகும்" என்று பெரியவர்கள் அதட்டுவார்கள். வெயில் பட்டதனால் வந்த சூடு என்று என் வகுப்பாசிரியர் சொன்னார். அன்றோ வெயிலே இல்லை. பனியில் நனைந்து வந்த கொழுந்துக்கு யார் தீ மூட்டினார்கள்?

அதே மடுவத்தில் நாள்தோறும் கண்ட வேறொன்றும் என் நினைவில் நிற்கிறது. எங்கள் லயத்தின் கடைசிக் காம்பிராவில் ஒரு பெண் இருந்தார். அவரை நாங்கள் அக்கா என்றே அழைப்போம். மற்றப் பெண்களைப் போலவே விடியலில் எழுவார். அவர்கள் உண்ட அதே ரொட்டியைத்தான் அவரும் உண்பார். அதே மலைக்குத்தான் கூடையோடு செல்வார். ஆயினும் நிறுவையில் அவருடைய கொழுந்து எப்போதும் குறைவாகவே இருக்கும். ஏற்றத்தில் நான்கு இடத்திலாவது நின்று மூச்சு வாங்குவார். குறித்த நிறை சேராத நாளில் அவருக்கு அரைப் பேர்தான் விழும். அதாவது பாதி நாட்கூலி. "சாப்பாடு மட்டும் முழுசு, வேலையில சோம்பல்" என்று அவர் காதுபடவே பேசுவார்கள். அவர் மறுமொழி சொல்லி நான் கேட்டதில்லை.

மூட்டை ஏன் சுட்டது, அக்கா ஏன் தளர்ந்தார் என்னும் இரண்டு வினாக்களுக்கும் விடை ஓரிடத்திலேயே கிடக்கிறது என்பதை நான் அறிந்துகொள்ளப் பல ஆண்டுகள் சென்றன. அந்த இடம் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது. உயிருள்ள ஒவ்வொரு கலத்தின் உள்ளும் அது இருக்கிறது.

முதலில் சொற்களைச் சற்றுப் பிரித்து வைத்துக்கொள்வோம். நெஞ்சு விரிந்து சுருங்கிக் காற்றை உள்ளே இழுத்து வெளியே விடுவதை மூச்சு என்போம். உணவிலுள்ள சக்தியைக் கலம் சிறிது சிறிதாக விடுவித்துத் தன் பணிக்குப் பயன்படுத்துவதைச் சுவாசம் என்போம். மூச்சு, சுவாசத்துக்கு வேண்டிய ஒட்சிசனைக் கொணரும் வண்டி. தேயிலைக்கு நெஞ்சில்லை, மூச்சில்லை, சுவாசம் உண்டு. செடிகள் இரவில் மட்டுமே சுவாசிக்கின்றன என்று பலர் கருதுகிறார்கள். அவை இரவும் பகலும் சுவாசிக்கின்றன. பகலில் ஒளியின் துணைகொண்டு உணவு ஆக்கும் வேலை அதைவிட மிகுதியாக நடப்பதால், சுவாசம் மறைந்து நிற்கிறது; அவ்வளவே.

காம்பிலிருந்து கிள்ளியவுடன் கொழுந்து இறந்துவிடுவதில்லை. அதன் கலங்கள் இன்னும் பல மணிநேரம் உயிரோடிருந்து, தம்மிடமுள்ள சர்க்கரையைச் செலவிட்டுச் சுவாசிக்கின்றன. விரிந்த கூடையில் காற்று புகுந்தோடி அவ்வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். அமுக்கிக் கட்டிய சாக்கிலோ வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு ஏற ஏறச் சுவாசம் இன்னும் விரைவுபடும். சுவாசம் விரைவுபடச் சூடு இன்னும் ஏறும். முடிவில் கலங்கள் சிதைந்து, கொழுந்து செம்மை பாய்ந்துவிடும். அப்படிச் சிவந்த கொழுந்திலிருந்து நல்ல தேயிலை வாராது. பெரியவர்களின் அதட்டலில் இவ்வளவு இரசாயனம் அடங்கியிருந்தது.

தொழிற்சாலையில், நசுக்கிய கொழுந்து செப்பு நிறம் பெறும் கட்டத்தை நொதித்தல் என்று சொல்வது வழக்கம். அங்கே நிகழ்வது நொதித்தலும் அன்று, சுவாசமும் அன்று. இலையின் துவர்ப்புப் பொருள்கள் இலையிலுள்ள நொதியங்களால் காற்றின் ஒட்சிசனோடு கூடுகின்றன. பெயர் தவறானாலும் பழகிவிட்டது. பழகிய பெயரை மாற்றுவது மலையை நகர்த்துவதிலும் கடினம்.

சுவாசம் ஒருவகை எரிதல் என்பதை அளந்து காட்டியவர் பிரான்சு நாட்டு அறிஞர் லவோசியே. 1782-83ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவரும் கணித வல்லுநர் லாப்பிளாசும் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த கலனுக்குள் இருத்தி, அதன் உடல் வெப்பத்தால் எவ்வளவு பனிக்கட்டி உருகுகிறது என்று பார்த்தனர். அது வெளிவிட்ட காபனீரொட்சைட்டின் அளவையும் கணக்கிட்டனர். கரி எரியும்போது வெளிவரும் வெப்பத்தோடு அது ஏறத்தாழ ஒத்திருந்தது. விளக்குத் திரியும் விலங்கின் உடலும் ஒரே தொழிலைச் செய்கின்றன என்று அவர் முடிவு கட்டினார். அந்த எரிதல் நுரையீரலில் நிகழ்வதாக எண்ணியது மட்டுமே அவர் கொண்ட பிழை. 1794இல் பிரெஞ்சுப் புரட்சியின் கொலைக்கருவி அவரது தலையைக் கொய்துவிட்டது. எரிதல் நுரையீரலில் அன்று, உடலின் ஒவ்வொரு கலத்திலும் நிகழ்கிறது என்று தெளிவதற்கு அடுத்த நூற்றாண்டு வேண்டியிருந்தது.

ஆனால், எரிதல் என்ற சொல் நம்மைச் சற்று வழிதவறச் செய்யும். ஒரு பிடி சர்க்கரையை அடுப்பிலிட்டால் கணப்பொழுதில் தீப்பற்றிச் சக்தி முழுவதும் வெப்பமாகவும் ஒளியாகவும் போய்விடும். கலத்துக்குள் அப்படி நிகழ்ந்தால் கலம் வெந்து சாம்பலாகும். றிவஸ்ரன் உச்சியிலிருந்து இரத்தோட்டைக்கு இறங்க இரண்டு வழிகள் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பாறையிலிருந்து விழுவது. மற்றது வளைந்து வளைந்து செல்லும் பாதையில் வண்டியை ஓட்டிவருவது. இறங்கும் உயரம் இரண்டிலும் ஒன்றே. கலம் இரண்டாவது வழியையே கொள்கிறது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு நொதியம் நின்று, அடுத்த படிக்கு மட்டும் வழிவிடும்.

முதற்கட்டம் கலத்தின் நீர்மப் பகுதியில் நடக்கிறது. ஆறு காபன் அணுக்களைக் கொண்ட குளுக்கோசு இரண்டாகப் பிளந்து, மும்மூன்று காபன் கொண்ட இரு பைருவிக்கமில மூலக்கூறுகளாகிறது. இதற்குக் கிளைக்கோப்பகுப்பு என்று பெயர். ஒட்சிசன் இல்லாமலே இது நடைபெறும். கிடைக்கும் ஊதியமோ மிகச் சிறிது.

அடுத்த கட்டங்கள் இழைமணி என்னும் நுண்ணுறுப்புக்குள் நடக்கின்றன. அங்கே பைருவிக்கமிலத்தின் காபன் அணுக்கள் ஒவ்வொன்றாகக் கழன்று காபனீரொட்சைட்டாகப் பிரிந்து செல்லும். இப்போது நீங்கள் வெளிவிடும் மூச்சிலுள்ள காபன், சில மணிநேரத்துக்கு முன் நீங்கள் உண்ட சோற்றிலோ ரொட்டியிலோ இருந்த காபனாகலாம். இந்த மாற்றங்கள் ஒரு வட்டமாகச் சுழல்கின்றன என்பதை 1937இல் இங்கிலாந்தின் செபீல்டு நகரிலிருந்து ஆராய்ந்த ஹான்ஸ் கிரெப்ஸ் கண்டறிந்தார். அக்கட்டுரையை அவர் முதலில் அனுப்பிய புகழ்பெற்ற ஆங்கில இதழ், இடமில்லை என்று திருப்பியனுப்பியது. வேறோர் இதழில் அது வெளிவந்தது. 1953இல் அதற்காக நோபல் பரிசும் வந்தது.

வட்டத்தில் சுழலும்போது உணவிலிருந்து இலத்திரன்கள் பறிக்கப்படுகின்றன. இழைமணியின் உட்சவ்வில் வரிசையாக நிற்கும் புரதங்கள் அவற்றைக் கைமாற்றிக் கொடுத்துக்கொண்டே செல்லும். கடைசிக் கையில் நிற்பது ஒட்சிசன். அது இலத்திரன்களை ஏற்று, ஐதரசனோடு கூடி, நீராகிவிடும். நாம் வாழ்நாள் முழுவதும் இழுக்கும் மூச்சின் தலையாய நோக்கம் இதுவே: இலத்திரன்களை வாங்கிக்கொள்ளக் கடைசியில் ஒருவர் நிற்க வேண்டும். அவர் இல்லையேல் வரிசை முழுவதும் தேங்கி நின்றுவிடும்.

இலத்திரன்கள் படியிறங்கும்போது வெளிப்படும் சக்தி எங்கே போகிறது? இவ்வினாவுக்கு 1961இல் பீற்றர் மிச்செல் என்னும் ஆங்கில அறிஞர் ஒரு விடை சொன்னபோது நம்பியவர்கள் சிலரே. இந்த மாத்தளை மாவட்டத்திலேயே அம்பன் கங்கையை மறித்து மொறகஹகந்த அணை எழுந்துள்ளது. அணைக்குப் பின்னே நீர் உயர்ந்து நிற்கிறது. திறந்துவிட்டால் சுழலியைச் சுழற்றி மின்சாரம் தருகிறது. இழைமணியின் சவ்வும் ஓர் அணையே என்றார் மிச்செல். இலத்திரன்களின் சக்தி, ஐதரசன் அயன்களைச் சவ்வின் ஒரு புறத்துக்கு இறைத்துத் தேக்குகிறது. தேங்கியவை மறுபுறம் பாய்ந்துவரும் மதகிலே ஒரு சுழலி இருக்கிறது. உவமைக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே சுழலும் புரதம் அது. ஒரு நொடியில் நூறு முறைக்கு மேலும் அது சுழலவல்லது. மிச்செலுக்கு 1978இலும், அச்சுழலி இயங்கும் வகையை விளக்கிய போயர், வாக்கர் இருவருக்கும் 1997இலும் நோபல் பரிசுகள் கிடைத்தன.

அந்தச் சுழலி ஆக்கித் தரும் பொருளுக்கு அடினோசின் முப்பொசுபேற்று என்று பெயர். சுருக்கமாக ஏ.ரீ.பீ. என்பர். இதுவே கலத்தின் கைக்காசு. உணவைப் பெருநோட்டு என்று கொண்டால், சந்தையில் அதை அப்படியே நீட்டிப் பயனில்லை. சில்லறையாக மாற்றியாக வேண்டும். தசை சுருங்கவும், நரம்பு செய்தி கடத்தவும், புதிய புரதம் கட்டவும் இந்தச் சில்லறையே செலவாகிறது. ஒரு குளுக்கோசு மூலக்கூறு ஒட்சிசனின் துணையோடு முழுமையாகச் சிதைந்தால் ஏறத்தாழ 30 ஏ.ரீ.பீ. கிடைக்கும். பழைய பாடநூல்களில் 36 அல்லது 38 என்று படித்தவர்கள் திருத்திக்கொள்ளலாம். நம் உடலில் எந்த நேரத்திலும் இருக்கும் ஏ.ரீ.பீ. நூறு கிராமுக்கு மேற்படாது. ஆயினும் அதுவே மீண்டும் மீண்டும் செலவாகிப் புதுப்பிக்கப்படுவதால், ஓய்ந்திருக்கும் ஒருவர்கூட ஒரு நாளில் ஏறத்தாழ 40 கிலோகிராம் ஏ.ரீ.பீ.யைச் செலவிடுகிறார். சில்லறையாக மாற்றும்போது எஞ்சும் சக்தி வெப்பமாகும். நம் உடல் வெதுவெதுப்பாக இருப்பதும், கொழுந்து மூட்டை சுட்டதும் அதனாலேதான்.

இப்பொருளைத் தசையிலிருந்து முதன்முதல் பிரித்தெடுத்தவர்களுள் ஒருவர் சென்னையில் மருத்துவம் படித்தவர் என்பதை நம்மவர் பலர் அறியார். அவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்று, ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் பிஸ்க் என்பவரோடு உழைத்தார். 1929இல் அவர்கள் இருவரும் ஏ.ரீ.பீ.யைக் கண்டு வெளியிட்டனர். அதே ஆண்டில் செருமனியில் கார்ல் லோமன் என்பவரும் தனித்து அதைக் கண்டார். சுப்பாராவின் பெயர் சற்றுப் பின்னர் இன்னொரு வழியில் நம் கதைக்குள் மீண்டும் வரும்.

கடைசிக் கையாகிய ஒட்சிசன் வாராதபோது கலம் என்ன செய்யும்? நக்கிள்ஸ் மலையடிவாரக் கிராமங்களில் கித்துள் மரத்தின் பூங்குலையைச் சீவிப் பதநீர் இறக்குவார்கள். விடியலில் தேன்போல் இனிக்கும் அது மாலைக்குள் நுரைத்துக் கள்ளாகும். அதில் குடியேறிய மதுவம் என்னும் நுண்ணுயிர், ஒட்சிசன் போதாத நிலையில் கிளைக்கோப்பகுப்போடு நின்று, பைருவிக்கமிலத்தை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றிவிடுகிறது. நுரை அந்த வாயுவே. குளுக்கோசு ஒன்றுக்கு முப்பது கிடைக்கவேண்டிய இடத்தில் இரண்டே ஏ.ரீ.பீ. கிடைக்கிறது. ஆதலின் வாழ்வதற்காக அது சர்க்கரையை வாரி வாரி விழுங்க வேண்டியிருக்கிறது. 1897இல் செருமனியின் பூக்னர், மதுவத்தை அரைத்துப் பிழிந்த உயிரற்ற சாறுகூடச் சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று காட்டியதிலிருந்துதான் நொதியங்களின் ஆராய்ச்சி தழைத்தது.

இரத்தோட்டைப் பக்கத்துக் கொக்கோத் தோட்டங்களிலும் இதைப் பார்க்கலாம். காயை உடைத்து, சதைப்பற்றோடு விதைகளைக் குவித்து, வாழையிலையால் மூடி, ஐந்தாறு நாள் வைப்பார்கள். முதலில் மதுவம் சதையிலுள்ள சர்க்கரையை மதுசாரமாக்கும். பிறகு குவியலைப் புரட்டிக் காற்றுப் புகவிட, வேறு நுண்ணுயிர்கள் அந்த மதுசாரத்தை ஒட்சிசனோடு சேர்த்துப் புளிக்காடி அமிலமாக்கும். அப்போது குவியலின் நடுவே 45 முதல் 50 பாகை வரை சூடேறும். அதனுள்ளும் சிறுவயதில் கைவிட்டுப் பார்த்திருக்கிறேன். கொழுந்து மூட்டை இதமாக இருக்கும். இது கையைப் பின்வாங்கச் செய்யும்.

நம் தசைகளும் இதையொத்த குறுக்குவழி ஒன்றைக் கையாள்கின்றன. செங்குத்தான மலையில் கூடையோடு ஏறும்போது கெண்டைக்கால் தசைக்கு வேண்டிய சக்தியின் வேகத்துக்கு ஒட்சிசன் வந்து சேராது. அப்போது தசை பைருவிக்கமிலத்தை இலற்றிக்கமிலமாக மாற்றி, ஆளைச் சிறிது நேரம் நடத்திச் செல்லும். மறுநாள் கால் வலிப்பதற்கு இந்த அமிலமே காரணம் என்பது பழைய எண்ணம். அது அதற்குள் இரத்தத்தோடு சென்று, இதயத்துக்கும் ஈரலுக்கும் பயன்பட்டுவிடுகிறது. எனினும், தசை இக்குறுக்குவழியை அடிக்கடி நாடவேண்டியிருந்தால் ஆள் விரைவில் களைத்துவிடுவார்.

இப்போது அக்காவிடம் வருவோம். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்து சில ஆண்டுகளின் பின் விடுமுறைக்கு ஊர் சென்றிருந்தேன். அவர் அரசாங்க மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுத் திரும்பியிருந்தார். இரத்தத்திலே ஈமோகுளோபின் ஏழு என்று துண்டில் எழுதியிருந்தது. கருவுறாத பெண்ணுக்கு அது நூறு மில்லிலீற்றருக்குப் பன்னிரண்டு கிராமாவது இருத்தல் வேண்டும். துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் வெகுநேரம் பேசாதிருந்தேன். அவர் சோம்பலால் நின்று மூச்சு வாங்கியவர் அல்லர். அவர் உண்ட ரொட்டி குருதியில் சர்க்கரையாகச் சேர்ந்தது. நெஞ்சு நிறையக் காற்றையும் இழுத்தார். சர்க்கரையும் ஒட்சிசனும் சந்திக்க வேண்டிய இடத்திலேதான் பற்றாக்குறை.

அங்கே குறைந்தது இரும்பு. உடலிலுள்ள இரும்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குருதியின் ஈமோகுளோபினில் இருந்து ஒட்சிசனைச் சுமக்கிறது. ஆனால், இரும்பின் வேலை சுமப்பதோடு முடிவதில்லை. 1925இல் இங்கிலாந்தில் தாவீது கெய்லின் என்பவர் பூச்சிகளின் பறக்கும் தசைகளை நிறமாலை காட்டியினூடே நோக்கியபோது, சைற்றோகுரோம் என்னும் நிறப்பொருள்கள் சுவாசத்தில் பங்குகொள்வதைக் கண்டார். இழைமணியின் சவ்வில் இலத்திரன்களைக் கைமாற்றும் வரிசை என்று முன்னர் சொன்னேன் அல்லவா, அவ்வரிசையில் நிற்பவற்றுள் இவையும் உள்ளன. இவற்றின் நடுவே இருப்பதும் இரும்பே. ஆகவே இரும்பு குறைந்தால் ஒட்சிசனைக் கொணரும் வண்டியும் குறைகிறது. அதைப் பயன்படுத்தும் பட்டறையும் நலிகிறது.

பட்டறை நின்றால் என்னாகும் என்பதற்குக் கொடிய சான்று மரவள்ளியில் உள்ளது. கசப்பு மரவள்ளியில் சயனைட்டை விடுவிக்கும் பொருள் மிகுதி. சயனைட்டு அவ்வரிசையின் கடைசிச் சைற்றோகுரோமின் இரும்பைப் பற்றிக்கொண்டு விடாது. நஞ்சுண்டவரின் நுரையீரலில் காற்று உண்டு, குருதியில் ஒட்சிசன் நிறைந்திருக்கும், சர்க்கரையும் இருக்கும். ஆயினும் கலங்கள் மூச்சுத்திணறிச் சாகும். மரவள்ளியைத் தோலுரித்து, நறுக்கி, மூடாத பாத்திரத்தில் வேகவைத்து, நீரை வடித்துவிடும் நம் பாட்டிமாரின் வழக்கம், அந்நஞ்சை ஆவியாகவும் நீரோடும் போக்கிவிடுகிறது.

இரும்புக் குறைவு இப்படி ஒரேயடியாகக் கொல்லாது. ஆளை நாளுக்கு நாள் மெதுவாக்கும். அதனாலேயே அதற்குச் சோம்பல் என்று பெயர் வந்துவிடுகிறது. இதைத் தேயிலை மலையிலேயே சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் எட்கர்டன் முதலியோரும் இலங்கை மருத்துவப் பேராசிரியர் சேனவிரத்தினவும் சேர்ந்து இந்நாட்டுத் தோட்டப் பெண்களிடையே நடத்திய ஆய்வு, 1979இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு இரும்பு மாத்திரை. மறு பிரிவினருக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை. பின்னர் அவர்கள் பறித்த கொழுந்தை நிறுத்தார்கள். இரும்பு பெற்றவர்கள் கூடுதலாகப் பறித்தனர். குருதிச்சோகை கடுமையாக இருந்தவர்களிடமே முன்னேற்றமும் தெளிவாகத் தெரிந்தது. எங்கள் மடுவத்துத் தராசு ஆண்டுக்கணக்காக ஒருவருடைய குருதியின் இரும்பை நிறுத்துக்கொண்டிருந்தது. படிக்கத்தான் யாருக்கும் தெரியவில்லை.

இரும்பு போகும் வழிகள் பல. மாதந்தோறும் பெண்கள் குருதி இழக்கிறார்கள். கருவுற்றால் குழந்தைக்கும் கொடுக்கிறார்கள். முற்காலத்தில் வெறுங்காலோடு நடந்தோரின் பாதத்தைத் துளைத்து உட்புகுந்த கொக்கிப்புழு, குடலில் தொற்றிக்கொண்டு குருதியை உறிஞ்சியது. 1916இல் ரொக்பெல்லர் அறநிலையம் இலங்கையில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, மாத்தளைப் பகுதித் தோட்டங்களும் அதன் தொடக்கக் களமாயின. வேறொரு வகைச் சோகையும் உண்டு; செங்குருதிக் கலம் முதிர்வதற்கு வேண்டிய போலிக்கமிலம் என்னும் உயிர்ச்சத்துக் குறைவதால் வருவது. இந்தியாவில் பணிபுரிந்த லூசி வில்ஸ் என்னும் ஆங்கில மருத்துவ அம்மையார், பம்பாயில் கருவுற்ற ஏழைப் பெண்களுக்கு வந்த அச்சோகையை மதுவச் சாறு தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றிலிருந்த பொருளாகிய போலிக்கமிலத்தை 1945இல் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிக் காட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சுப்பாராவ். அவரே 1929இல் ஏ.ரீ.பீ.யைக் கண்டவர். இன்று தாய்மார் சிகிச்சை நிலையத்தில் இரும்போடு சேர்த்துத் தரும் போலிக்கமில மாத்திரையை விழுங்கும் பெண்ணுக்கு அவர் பெயர் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் 1948இல் நியூயோர்க்கில் காலமானார்.

மாத்திரை கொடுத்தும் சிலருக்கு ஏன் குணம் மந்தமாகிறது என்பதற்கு இன்னொரு காரணமும் கூறவேண்டும். அதைக் கூற எனக்கே சற்றுத் தயக்கம். தென்னாபிரிக்க ஆய்வாளர்கள் 1975இல் வெளியிட்ட சோதனையில், ரொட்டியைத் தண்ணீரோடு உண்டபோது உடல் ஏற்ற இரும்பு, தேநீரோடு உண்டபோது ஏறத்தாழ மூன்றிலொரு பங்காகக் குறைந்தது. தேயிலையின் துவர்ப்புப் பொருள்கள் தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிணைத்துக் குடலேற விடுவதில்லை. கொழுந்து பறிக்கும் மக்களின் காலையுணவு எது? ரொட்டியும் சாயத் தேநீரும். காலமெல்லாம் கையால் பறித்த இலை, உண்ட சிறிதளவு இரும்பையும் தடுத்துவிடுகிறது. தேசிக்காய்ச் சாறும் கொய்யாவும் நெல்லிக்காயும் இதற்கு நேர்மாறாக இரும்பு உடலேறத் துணைசெய்யும். இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பு தேநீரால் அவ்வளவாகத் தடைப்படுவதில்லை. இரும்பு மாத்திரை உட்கொண்டால் மலம் கறுத்துப் போகும். அதைக் கண்டு அஞ்சி மாத்திரையைக் கூரையில் சொருகி வைப்பவர்களை நான் அறிவேன். அது கேடில்லாத நிறமாற்றம்.

இவற்றையெல்லாம் அன்று அக்காவின் வாசற்படியில் உட்கார்ந்து என்னால் இயன்றவரை சொன்னேன். இழைமணியையும் இலத்திரனையும் விட்டுவிட்டு, கொழுந்து மூட்டையின் சூட்டிலிருந்து தொடங்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உள்ளே அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்ப தேத்தண்ணியை விடச் சொல்றியா தம்பி?" என்றார்.

"விட வேணாம் அக்கா. ரொட்டியோட மட்டும் குடிக்காதீங்க. ஒரு மணித்தியாலம் கழிச்சுக் குடியுங்க."

"ஒரு மணித்தியாலம் கழிச்சா மலையில இல்ல நிப்பேன்" என்றார் அவர். சற்று யோசித்துவிட்டு, "சரி, போத்தல்ல ஊத்திக் கொண்டுபோறேன்" என்று எழுந்து உள்ளே சென்றார்.